நடுவில் இரண்டு

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில்
பின்னால் வந்த லாரி ஏறிய கார் அது.
டிக்கி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது.
முன்பாதியில் மட்டும் இன்னும் ஷோரூம் வாசனை.
பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின்.
ஓட்டியவர் நடந்தே இறங்கிப் போனாராம்.
வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

கான்டெசா டாக்டர் சுகந்தி பால்தாஸுடையது.
எண்பத்தொன்பதாம் வருடத்து வண்டி, பால்வெள்ளை.
சித்தூர் ரோட்டு ஏற்றத்தில்
மூன்றாவது முறை கொதித்து நின்ற அன்று
போனில் சொன்னார்:
"உள்ள எதை வேணா மாத்துங்க,
மூஞ்சி அப்படியே இருக்கணும்."
மயக்க மருந்து டாக்டர்.
உள்ளே நடப்பது வெளியே தெரியக்கூடாது
என்பதில் கறாரானவர்.

குறுக்கே கிடந்து பழகிய இன்ஜினை
நெடுக்கே திருப்பி இறக்கினோம்.
கியர்பாக்ஸோடு சேர்க்கும் அலுமினியத் தட்டை
ராணிப்பேட்டை சிப்காட்டில்
தஸ்தகீர் மூன்று தடவை கடைந்தான்.
முதல் இரண்டின் மேல்தான்
இப்போது கடையில் டீ கிளாஸ் வைக்கிறோம்.

இரும்பு வேலை அதோடு முடிந்தது.
இனி ஒயர்.
ஒயர் என்றால் நான்.

சாவியைத் திருப்பினால் சுற்றும், பிடிக்காது.
லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன்.
இன்ஜின் கேட்டுக்கொண்டே இருக்கிறது:
கதவே, மூடியிருக்கிறாயா
ஏர்பேக்கே, இருக்கிறாயா
பின்சக்கரமே, எத்தனை சுற்று
ஒரு நொடிக்கு நூறு தடவை,
காயலான் கடையில் தகடாகிவிட்ட உடம்பிடம்.

நாலு ராத்திரி உட்கார்ந்து பொய் எழுதினேன்.
தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு.
அதுவே கதவு, அதுவே ஏர்பேக்.
இருக்கேன், மூடித்தான் இருக்கேன், நீ ஓடு
என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.
ஆயிரம் பொய்க்கு ஒரு கல்யாணம் என்பார்கள்.
என் கணக்கில் நொடிக்கு நூறு.

ஐந்தாம் நாள் காலை ஆறே முக்காலுக்குப் பிடித்தது.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்,
கான்டெசா சத்தம் போடாததற்காக.
தஸ்தகீர் என் முதுகில் ஒன்று வைத்தான்.
நான் போர்டைத் தொட்டுப் பார்த்தேன்,
சூடாக இருந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிவத்தில் ஒரே கட்டம்.
"எத்தினி சிலிண்டரு?"
"நாலு சார். சில நேரம் ரெண்டு."
பேனா நின்றது.
"இன்னாப்பா, நாலா ரெண்டா?"
நாலு.

ரெண்டாகும்போது ஓட்டுகிறவருக்குத் தெரியாது.
அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.
எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.
பழைய டேஷ்போர்டில் வேலையற்றுப்போன
ஒரு மஞ்சள் விளக்குக்கு ஒயர் இழுத்தேன்.

காட்பாடி தாண்டி, கிறிஸ்டியான்பேட்டைக்கு முன்னால்,
எழுபதில், கால் பட்டும் படாமலும்.
விளக்கு எரிந்தது.
நடுவிலுள்ள இரண்டுக்கும் பெட்ரோல் நின்றது,
வால்வுகள் மூடிக்கொண்டன.
ஓரத்து இரண்டு இழுத்துப் போகின்றன.

"தூங்குதா ரெண்டும்?" என்றார் டாக்டர்.

இல்லை.
பிஸ்டன் ஏறுகிறது, இறங்குகிறது,
உள்ளே மாட்டிய காற்றை
அமுக்கி, விட்டு, அமுக்கி.
நெருப்பு மட்டும் கிடையாது.

என் வீட்டில் அப்படி ஒரு வருஷம் போயிருக்கிறது.
சாப்பாடு வேளைக்கு வந்தது,
வாடகை தேதிக்குப் போனது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
டாக்டரிடம்
"தூங்குது மேடம்" என்றேன்.

வண்டி மூன்று முறை நின்ற அதே ஏற்றம்.
காலை அழுத்தினார்.
விளக்கு அணைந்தது.
உலுக்கல் இல்லை, இருமல் இல்லை,
நாலும் வந்துவிட்டன,
எங்கே போயிருந்தோம் என்று சொல்லாமல்.

மே மாத வெயில் பானெட்டில் கிடந்தது.
டாக்டர் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு
ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்றார்.